பழைய காருக்குப் புதுச் சாயம்



தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்ற பெரியவர்கள் பலர் இன்று பிள்ளைகளோடு பட்டணத்து வீடுகளில் வாழ்கிறார்கள். லயத்தை விட்டுப் புறப்பட்டபோது அவர்கள் கூடவே கொண்டுவந்த பொருள்கள் சில உண்டு. சாமி படம், அம்மி, பித்தளைக் குடம், சில வீடுகளில் ஒரு பழைய கார். அந்தக் கார் துருப்பிடிக்கத் தொடங்கும்போது வீட்டில் ஒரு வாக்குவாதம் எழுகிறது. இளையவர்கள், "முழுவதும் சாயம் அடித்துப் புதிதாக்கிவிடுவோம்" என்பார்கள். பெரியவர், "என் காடியைத் தொடாதே" என்பார். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வழி இருக்கிறது. நோய் கண்ட இடத்தை மட்டும் குணமாக்கி, அந்த இடத்துக்கு மட்டும் சாயம் பூசி, காரின் பழைய தோற்றத்தைக் கெடுக்காமல் காப்பதே அந்த வழி. அது எப்படி என்பதை எங்கள் வீட்டில் நடந்ததைக் கொண்டே சொல்கிறோம்.

எங்கள் தந்தையார் பால்மரம் வெட்டியவர். 1994-ஆம் ஆண்டில், சேர்த்து வைத்த பணத்தில், யாரோ ஓட்டிய ஒரு சிவப்பு நிற புரோட்டோன் சாகாவை வாங்கினார். நேயர்கள் அறிவீர்கள், 1983-இல் தொடங்கப்பட்ட நம் நாட்டுக் கார் நிறுவனம், ஜப்பானிய மிட்சுபிஷியின் மாதிரியை அடிப்படையாகக் கொண்டு, 1985-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 9-ஆம் நாள் வெளியிட்ட முதல் கார் அது. தோட்டத்துக் குடும்பம் ஒன்று முதன்முதலாகக் கார் வாங்குகிறது என்றால், அந்நாளில் பெரும்பாலும் பழைய சாகாவாகவோ பழைய டட்சனாகவோதான் இருக்கும். எங்களைப் பள்ளிக்கும், பிறகு ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கும் ஏற்றிச் சென்றது அந்தக் கார்தான்.

இன்று தந்தையார் எங்கள் தம்பியோடு ஜொகூர் பாருவை அடுத்த பெர்மாஸ் ஜெயாவில் இருக்கிறார். அந்தப் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ஒரு பக்கம் தெப்ராவ் ஆறு கடலில் கலக்கிறது. எதிரே நீரிணை, அதற்கு அப்பால் சிங்கப்பூர். மாலையில் காற்று நன்றாக வீசும். ஆனால் அது உப்புக் காற்று. மனிதனுக்குச் சுகமாக இருக்கும் காற்று இரும்புக்குச் சுகமல்ல.

இரும்பு, நீர், காற்றில் உள்ள பிராணவாயு ஆகிய மூன்றும் சேர்ந்தால் துரு உண்டாகிறது. நீரில் உப்பும் கலந்துவிட்டால் இந்த வேலை இன்னும் விரைவாக நடக்கிறது. துருவானது தான் தின்ற இரும்பைவிட அதிக இடத்தைப் பிடிக்கும். ஆகவேதான் சாயத்துக்கு அடியில் துரு ஏறியதும் மேலே கொப்புளம் போல் உப்புகிறது. கொப்புளம் கண்ணுக்குத் தெரியும் நாளில், உள்ளே வேலை வெகு தூரம் நடந்திருக்கும்.

எங்கள் காரில் ஓட்டுநர் பக்கக் கதவின் அடிப்பகுதியில் அப்படிக் கொப்புளங்கள் கிளம்பியிருந்தன. காரின் மேற்கூரையும் முன்மூடியும் வெயிலில் வெளுத்து, கையால் தடவினால் சிவப்புப் பொடி ஒட்டியது. இது வேறு, துரு வேறு. இந்த வேறுபாட்டை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

சாயத்தில் நிறப்பொடியும் அதைப் பிடித்து வைக்கும் பிசினும் இருக்கின்றன. வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பிசினை மெல்ல மெல்லச் சிதைக்கின்றன. பிடிப்பு விட்டதும் நிறப்பொடி சுண்ணாம்பு போல் மேலே உதிர்கிறது. இது முதுமை. துருவோ நோய். முதுமைக்கு மருந்து தேவையில்லை. நோயை ஒரு நாளும் விட்டுவைக்கக் கூடாது.

நோய் எதுவரை என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. ஒரு சிறு காந்தத்தை மெல்லிய துணியில் சுற்றிக் காரின் மேல் மெதுவாக நகர்த்திப் பாருங்கள். தகரம் உள்ள இடத்தில் காந்தம் பிடிக்கும். தகரத்தின் மேல் கனமாகப் புட்டி அப்பியிருந்தால் பிடிக்காது. நாங்கள் கதவைப் பார்த்துவிட்டு, அதன் கீழே ஓடும் பக்கச் சட்டத்தில் காந்தத்தை வைத்தோம். ஒரு சாண் நீளத்துக்குக் காந்தம் வழுக்கி விழுந்தது. தம்பி ஓர் ஆணியால் கீறினார். சாயம் பெயர்ந்தது, புட்டி பெயர்ந்தது, அதற்குப் பின்னால் பழைய செய்தித்தாள் வந்தது. அதற்கும் பின்னால் வெறும் ஓட்டை.

கார் எங்கள் கைக்கு வருவதற்கு முன்பே, துருவை வெட்டி எடுக்காமல், ஓட்டையில் காகிதத்தைத் திணித்து, மேலே புட்டி பூசிப் பளபளவென்று சாயம் அடித்துத் தந்தையாரிடம் விற்றிருக்கிறார்கள். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்களே, அதுதான் நடந்திருக்கிறது. அந்தப் பணத்தைச் சேர்க்க அவர் எத்தனை விடியற்காலைகளில் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போனார் என்பது எங்களுக்குத் தெரியும். தந்தையார் அந்தக் காகிதத் துண்டைக் கையில் வாங்கிப் பார்த்தார். "இத்தனை வருசமா இதும் மேலதான் உங்களை உட்கார வெச்சு ஓட்டினேனா?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை.

நேயர்களே, இது அழகைப் பற்றிய கேள்வி மட்டும் அல்ல. பக்கச் சட்டம் காரின் எலும்பு போன்றது. விபத்து நேர்ந்தால் தாங்க வேண்டிய பகுதிகளில் அதுவும் ஒன்று. ஜாக்கி வைத்துத் தூக்குவதும் அதன் ஓரத்தில்தான். அங்கும், இருக்கை வார் பொருத்திய இடங்களிலும் ஓட்டை இருந்தால் வீட்டில் சாயம் பூசி மூடாதீர்கள். துருவேறிய தகரத்தை வெட்டி எடுத்துவிட்டுப் புதுத் தகரம் வைத்து வெல்டிங் செய்யப் பட்டறைக்குத்தான் கொண்டு போக வேண்டும். நாங்களும் அப்படியே செய்தோம். கதவின் அடியில் ஓட்டை விழவில்லை, மேல்துருதான். அதை மட்டும் வீட்டில் செய்தோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. பழைய காலத்துச் சாயங்கள் சிலவற்றில் ஈயம் கலந்திருந்தது. அந்தத் தூசு உடலுக்குள் போனால், முக்கியமாகக் குழந்தைகளுக்கு, மூளை வளர்ச்சியையே பாதிக்கும். ஆகவே பழைய சாயத்தை உலர்ந்த நிலையில் தேய்க்காதீர்கள். நீர் தெளித்துத் தேயுங்கள். கீழே பிளாஸ்டிக் விரிப்புப் போட்டு, விழும் சேற்றைச் சேர்த்து எடுங்கள். பிள்ளைகள் பக்கத்தில் வரக் கூடாது. வேலைக்குப் போட்ட உடையைத் தனியாகத் துவைக்க வேண்டும்.

கொப்புளங்களைச் சுரண்டிவிட்டு, 80 எண் மணல்தாளால் பளிச்சென்று தகரம் தெரியும் வரை தேய்த்தோம். பிறகு 180, அதன் பிறகு 320. எண் ஏற ஏறத் தாள் மென்மையாகும். பழைய சாயத்தின் விளிம்பு படிக்கட்டு போல் நிற்கக் கூடாது. விரலால் தடவினால் சாயம் எங்கே முடிகிறது, தகரம் எங்கே தொடங்குகிறது என்று தெரியாதபடி சரிவாகத் தேய்க்க வேண்டும்.

தம்பிக்குக் கை வேகம். நல்ல சாயத்தையும் சேர்த்துத் தேய்த்துக்கொண்டே போனார். தந்தையார் நாற்காலியிலிருந்து சத்தம் போட்டார்: "டேய் தம்பி, பட்டையை வெட்டு, மரத்தை வெட்டாதே!" பால்மரம் வெட்டிய குடும்பத்துக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டியதில்லை. கத்தி கொஞ்சம் ஆழமாக இறங்கி மரத்தில் பட்டால் அந்த இடத்தில் முடிச்சு விழும், புதுப்பட்டை சரியாக வளராது. நல்ல வெட்டுக்காரர் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குப் பட்டையை விட்டுத்தான் வெட்டுவார். பழைய காரிலும் அப்படித்தான். கெட்டதை முழுக்க எடு, நல்லதைத் தொடாதே. ஒரு முறை தேய்த்து எடுத்துவிட்ட பழைய சாயம் எந்தக் கடையிலும் விலைக்குக் கிடைக்காது.

தகரத்தின் குழிகளில் தங்கிய துருவுக்குத் துருமாற்றி மருந்து பூசினோம். இவற்றில் பாஸ்பாரிக் அமிலம் அல்லது டானிக் அமிலம் இருக்கும். பாஸ்பாரிக் அமிலம் எஞ்சிய துருவை உறுதியான பாஸ்பேட்டாக மாற்றுகிறது. டானிக் அமிலம் பூசினால் துரு கறுத்துவிடும். கையுறை போட்டு, டப்பாவில் சொன்ன நேரம் வரை காத்திருந்து, அதில் சொன்னபடியே சுத்தம் செய்ய வேண்டும்.

வெறும் தகரத்தை இரவு முழுதும் அப்படியே விடாதீர்கள். பெர்மாஸ் ஜெயா போன்ற கடலோர ஊரில் மறுநாளே மெல்லிய துரு படியும். அன்றே அடிச்சாயம் பூசிவிட வேண்டும். தகரத்தின் மேல் எபாக்சி வகை அடிச்சாயம் நல்லது. சாதாரணச் சாம்பல் நிற அடிச்சாயம் மட்டும் பூசிவிட்டு, "மேல்சாயம் அடுத்த மாதம் பார்க்கலாம்" என்று மழையில் விடுகிறவர்களைப் பார்க்கிறோம். அந்தச் சாம்பல் சாயம் பெரும்பாலும் நீரை உறிஞ்சும் தன்மை உள்ளது. அது காவலாக இருக்காது. ஈரத்தை உள்ளே விட்டுக்கொண்டே இருக்கும்.

இனி நிறத்துக்கு வருவோம். பழைய தோற்றத்தைக் காப்பதா கெடுப்பதா என்பது இங்கேதான் முடிவாகிறது.

சாயக் கடையில் காரின் நிற எண்ணைச் சொன்னோம். கலந்து கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து ஓர் அட்டையில் பூசிக் கதவின் மேல் வைத்துப் பார்த்தால், பழைய சேலையில் புதுத்துணி ஒட்டுப் போட்டது போல் இருந்தது. கடைக்காரர் மேல் குற்றமில்லை. தொழிற்சாலையை விட்டு வந்த நாளில் கார் இருந்த நிறம் அது. எங்களுக்கு வேண்டியதோ இத்தனை ஆண்டு வெயிலுக்குப் பிறகு இன்று இருக்கும் நிறம்.

ஆகவே எண்ணெய் ஊற்றும் இடத்தின் மூடியைக் கழற்றிக் கடைக்கே கொண்டு போனோம். அதை மெருகு போட்டுத் துடைத்துவிடாமல், வெளுத்தபடியே கொண்டு போக வேண்டும். இன்னொன்றையும் கவனியுங்கள். வெயிலை நேரே வாங்கும் கூரையும் முன்மூடியும் அதிகமாக வெளுக்கும், பக்கங்கள் குறைவாக வெளுக்கும். கதவுக்குப் பூசும் சாயத்தைப் பக்கவாட்டில் உள்ள பகுதியோடுதான் ஒப்பிட வேண்டும். கூரையோடு ஒப்பிட்டால் தவறிவிடும்.

கடைக்காரர் சிறிது வெள்ளையும், பளபளப்பைக் குறைக்கும் பசையும் சேர்த்து மூன்று விதமாகக் கலந்து தந்தார். மூன்றையும் மூன்று அட்டைகளில் பூசி உலர விட்டோம். ஈரச் சாயத்தைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். உலர்ந்ததும் நிறம் மாறும். விளக்கு வெளிச்சத்திலும் முடிவு செய்யாதீர்கள். காலை வெயிலில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை பாருங்கள். நாங்களும் தம்பியும் ஆளுக்கொரு அட்டையைப் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டிருந்தோம். தந்தையார் எழுந்து வந்து, மூன்றாவது அட்டையை எடுத்துக் கதவில் ஒட்ட வைத்தார். நான்கு அடி தள்ளி நின்றதும் அட்டை எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை.

சாயம் பூசும்போது ஐந்து விஷயங்கள் நினைவில் இருக்கட்டும்.

முதலாவது, சாயத்தைக் கதவின் நடுவே கோடு போட்டது போல் நிறுத்தக் கூடாது. கதவில் இயற்கையாக ஓடும் மடிப்பு அல்லது ரப்பர்ப் பட்டை வரை கொண்டுபோய் முடியுங்கள். அப்படி இடமில்லையென்றால் ஓரத்தில் மெல்ல மெல்லக் குறைத்துக் கரைத்துவிடுங்கள்.

இரண்டாவது, கனமாக ஒரே முறை பூசாதீர்கள், வழியும். மெல்லியதாக இரண்டு மூன்று முறை, ஒவ்வொன்றும் உலர நேரம் கொடுத்துப் பூசுங்கள்.

மூன்றாவது, மழை நேரத்தில் பூசாதீர்கள். காற்றில் ஈரம் அதிகமாக இருந்தால் லேக்கர் வகைச் சாயத்தின் மேல் பால் போன்ற வெள்ளைப் படலம் படியும். நாங்கள் இரண்டு நாள் மழைக்காகக் காத்திருந்தோம்.

நான்காவது, கெட்டியாக்கும் மருந்து கலந்து பூசும் இரட்டைக் கலவைச் சாயங்களில் ஐசோசயனேட் என்னும் நச்சுப்பொருள் இருக்கிறது. அந்தப் புகை ஆஸ்துமாவை உண்டாக்கும். துணி முகமூடி அதைத் தடுக்காது. அந்த வேலையைத் தகுந்த பாதுகாப்புள்ள பட்டறையிடம் விட்டுவிடுங்கள். வீட்டில் செய்பவர்கள் ஒற்றைக் கலவைச் சாயத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

ஐந்தாவது, தின்னர் ஆவி காற்றைவிடக் கனமானது, தரையோடு தரையாக ஓடும். வாசலில் சாமி விளக்கோ, ஊதுவத்தியோ, கொசுவத்தியோ எரியும்போது சாயம் பூசாதீர்கள். திறந்த வெளியில்தான் பூச வேண்டும்.

நன்றாக உலர்ந்த பிறகு, பளபளப்பு இன்னும் சற்று மிகுந்திருந்தால், 2000 எண் மணல்தாளைச் சோப்பு நீரில் நனைத்து, கார் கழுவும்போது கை எப்படிப் போகுமோ அப்படி மெதுவாகத் தேயுங்கள். அவ்வளவே போதும். சிலர் உப்பும் புளிக்காடியும் தெளித்துத் துருவை வரவழைத்துப் "பழைய தோற்றம்" என்கிறார்கள். நலமாக இருக்கும் உடம்பில் நோயைக் கொண்டுவந்து ஏற்றுவதற்கு ஒப்பானது அது. வேண்டவே வேண்டாம்.

எங்கள் காரில் ஓட்டுநர் கதவின் மேல் விளிம்பில், தந்தையார் முழங்கையை வைத்து ஓட்டி ஓட்டிச் சாயம் தேய்ந்த ஓர் இடம் இருக்கிறது. அங்கே துரு இல்லை. அதைத் தொடவில்லை, மெழுகு மட்டும் தடவினோம்.

துரு ஏன் வந்தது என்பதையும் தேடிப் பார்த்தோம். கதவின் அடியில் மழைநீர் வடிவதற்குச் சிறு துளைகள் உண்டு. இலைத்தூளும் மண்ணும் அவற்றை அடைத்திருந்தன. கண்ணாடி வழியே உள்ளே இறங்கிய நீர் வெளியேற வழியில்லாமல் நின்றுவிட்டது. காரணத்தை விட்டுவிட்டுச் சாயம் மட்டும் பூசினால் கொப்புளம் திரும்பவும் வரும். மாதம் ஒரு முறை ஒரு மெல்லிய குச்சியால் அந்தத் துளைகளைத் திறந்துவிடுங்கள். கடலோரத்தில் இருப்பவர்கள் காரின் அடிப்பகுதியையும் நல்ல நீரால் கழுவுங்கள். காசு செலவில்லாத மருத்துவம் இது. காரின் நிறத்தையே வேறு நிறமாக மாற்ற எண்ணுபவர்கள் சாலைப் போக்குவரத்து இலாகாவில் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

முடிவாக ஒன்று. இப்படிப் பொருந்தச் சாயம் பூசக் கற்றுக்கொண்டவர் கையில் ஒரு வித்தை இருக்கிறது. அதே வித்தையால்தான் ஒருவர் எங்கள் தந்தையாருக்குக் காகிதம் அடைத்த காரை விற்றார். மறைக்கவும் அதே சாயம்தான், காக்கவும் அதே சாயம்தான். பழைய வாகனங்களைப் பேணும் சங்கங்களின் உலகக் கூட்டமைப்பு ஒன்று 1966 முதல் இருந்து வருகிறது. அது 2012-இல் இத்தாலியின் துரின் நகரத்தின் பெயரால் ஒரு சாசனம் வகுத்தது. பழைய கோவில்களையும் கோட்டைகளையும் பாதுகாக்க 1964-இல் வெனிஸ் நகரில் வகுத்த சாசனத்தை அடியொற்றியது அது. கூடிய வரை பழையதைக் காப்பாற்று, புதிதாகச் சேர்த்ததை அடையாளம் தெரியும்படி வை என்பது அதன் கருத்து.

நாங்களும் அவ்வாறே செய்தோம். கதவைத் திறந்தால் உட்புற விளிம்பில், சிறு தூரிகையால், எந்த நாளில் எந்த இடத்தில் தகரம் மாற்றினோம், எதுவரை சாயம் பூசினோம் என்று எழுதி வைத்திருக்கிறோம். மூடினால் தெரியாது, திறந்தால் மறைக்காது. அந்தக் காகிதத் துண்டையும் தந்தையார் எறிய விடவில்லை. காரின் பதிவுச் சான்றோடு ஒரு பிளாஸ்டிக் பையில் வைத்திருக்கிறார். "நாளைக்கு யாருக்காவது குடுத்தா, இதையும் காட்டித்தான் குடுக்கணும்" என்கிறார்.

நேயர்களே, இந்த வாரம் உங்கள் வீட்டுக் காரின் கதவைத் திறந்து, கீழே உள்ள துளைகளைப் பாருங்கள். பிள்ளைகள் கையில் ஒரு காந்தத்தைக் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். அவர்களுக்கு அது ஓர் அறிவியல் பாடமாகவும் இருக்கும்.